சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம்

மட்டக்களப்பு, கல்லடியில் இயங்கும் உயர்கல்வி நிறுவகம். இலங்கைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கம். இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலத் தொழினுட்பக் கலை ஆகிய துறைகளில் பட்டக் கல்வி வழங்குகிறது. 

பல்கலைக்கழகத்தின் முன்னோடியான பல்கலைக்கழகக் கல்லூரி 1981இல் வந்தாறுமூலையில் தொடங்கியது. 1986இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. நிறுவகமோ தனி வழியில் வந்தது. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தோன்றி, 2001இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

இப்பகுதியின் இசையாய்வு இவ்விரண்டுக்கும் மூத்தது. காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் (1892–1947) அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். விஞ்ஞானம் பயின்றவர் என்பதை அவரது ‘யாழ் நூல்’ பக்கந்தோறும் காட்டும்: சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்குமான விகிதங்களைக் கணக்கிட்டு, வழக்கொழிந்த யாழ் வகைகளின் அமைப்பை அந்நூல் மீட்டுரைக்கிறது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். சமாதி கல்லடியில் உள்ளது.

மட்டக்களப்பு வாவியின் ‘பாடும் மீன்’ ஒலியைப் பொருளாகக் கொண்டு ‘நீரர மகளிர்’ பாடலையும் அவர் இயற்றினார். நிலாக் காலத்தில், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்து இவ்வொலியைக் கேட்பது வழக்கம். காற்றைவிட நீரும் மரமும் ஒலியைத் தெளிவாகக் கடத்துவதே காரணம். அருட்தந்தை லாங் இதனை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலி ஒலிபரப்பியது.