ஒலித்தட்டு முதல் இலக்கமுறை வரை: மலையக வாழ்வில் இசைக்கருவி

வீட்டில் இசையை மீள ஒலிக்கச் செய்யும் கருவிகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைகிறது. இசைத்தட்டையும் நாடாவையும் சார்ந்த ஒப்புமைமுறை சிறந்ததா, ஒலியை எண்களாகச் சேமிக்கும் இலக்கமுறை சிறந்ததா என்பதே அது. ஐக்கிய அமெரிக்காவில் 2022இல் வைனில் இசைத்தட்டுக்கள் இறுவட்டுக்களை விடக் கூடுதலான எண்ணிக்கையில் விற்பனையாயின. 1987இற்குப் பின்னர் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதற்கு இது சான்று. எனினும் இவ்வினா, விலையுயர்ந்த கருவிகளை வாங்கித் தனியறையில் அமர்ந்து கேட்க வசதியுள்ளோரின் வினாவாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன்காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த பொகவந்தலாவைத் தோட்டங்களில் நின்று நோக்குமிடத்து, இதே வரலாறு வேறொரு வினாவை எழுப்புகிறது. யார் கேட்டனர்? யாருடைய குரல் பதிவாயிற்று? இதனையே ஈண்டு நாம் ஆராய முற்படுகிறோம்.

முதலில் இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் அவசியம். ஒப்புமைமுறையில் காற்றின் அதிர்வு எவ்வடிவம் கொண்டதோ அவ்வடிவமே தட்டின் பள்ளக்கோட்டிலோ நாடாவின் காந்தப் படலத்திலோ பொறிக்கப்படுகிறது. ஊசி ஓடுந்தோறும் பள்ளம் தேய்கிறது. நாடாவைப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் கூடுகிறது. இலக்கமுறை இறுவட்டிலோ ஒலியானது செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இவ்வாறு துண்டு துண்டாக அளப்பதால் இசையின் ஓட்டம் அறுபடுகிறது என்பாருளர். மனிதச் செவிக்கு எட்டும் எல்லைக்குள், அளவெடுக்கும் வேகம் போதியதாயின், மூல அலையை முழுமையாக மீட்கலாம் என்பது கணித வழி நிறுவப்பட்ட உண்மையாதலின் அக்கூற்று பொருந்தாது. இசைத்தட்டின் இனிமை என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி, அக்கருவி தானே ஒலியிற் சேர்க்கும் திரிபேயாகும். அதனை விரும்புவது சுவை பற்றியது; உண்மை பற்றியதன்று.

மலையகத்திற்கு வந்த முதற் கருவி கிராமபோன். சாவி கொடுத்து இயக்கும் சுருள்வில்லே அதன் உந்துசக்தியாதலால் அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. ஆயினும் நாட்சம்பளத்திற்கு உழைத்தவர் வாங்கக்கூடிய பொருளாக அது இருக்கவில்லை. மேலும், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பத்தங்குல அரக்குத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். நாடகக் கீர்த்தனையும் திரைப்பாடலும் அவ்வளவுக்குள் சுருக்கப்பட்டன. விடியும்வரை ஆடப்படும் காமன் கூத்தையோ, அதிகாலையில் தொழிலாளரைத் துயிலெழுப்பிய பிரட்டுத் தப்பின் ஓசையையோ, மலைச்சரிவிற் கொழுந்து பறித்த பெண்களின் பாட்டையோ அத்தட்டில் ஏற்றும் தேவை எந்த வணிக நிறுவனத்துக்கும் இருக்கவில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அவரது பாடல்கள் நூலுருப் பெற்றன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் வெளிவந்தது. இவை அரும்பெருஞ் செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சிற் கிடைப்பது சொல் மட்டுமே. குரலின் இழைவும் மூச்சின் இடைவெளியும் அச்சில் ஏறுவதில்லை.

அடுத்து வந்த வானொலி கேட்போரின் எல்லையை விரித்தது. 1925இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952 முதல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியபோது இலங்கை வானொலி தமிழகத்திலும் பெரும் நேயர் கூட்டத்தைப் பெற்றது. இங்கு ஒரு முரண்பாடு அவதானிக்கத்தக்கது. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் வழியே பாயும் கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேக்கப்பட்டு, 1965 முதல் விமலசுரேந்திர நிலையத்தில் மின்சாரமாகிறது. அந்நீர் நாட்டுக்கு ஒளி தந்த காலத்திலும், அது பாய்ந்து வந்த மலைகளின் லயங்களிற் பெரும்பாலானவை குப்பிவிளக்கின் வெளிச்சத்திலேயே கிடந்தன. மின்கலத்தில் இயங்கும் திரான்சிஸ்டர் பெட்டியே அங்கு இசையைக் கொண்டு சேர்த்தது. எனினும் வானொலியிலும் தொழிலாளி கேட்பவராக மட்டுமே இருந்தார்.

இந்நிலையை மாற்றியது கசெற். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இக்கருவி, 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் இலங்கையிற் பரவலாயிற்று. உயர்தர ஒலியை நாடுவோரின் அளவுகோலில் அது மிகத் தாழ்ந்தது: நான்கு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா, செக்கனுக்கு ஐந்து சென்றிமீற்றருக்கும் குறைவான வேகம், நீங்காத இரைச்சல். ஆனால் அதிற் பதிவுப் பொத்தான் ஒன்று இருந்தது. கேட்டவர் பாடுபவராகவும் பதிபவராகவும் மாறுவதற்கான வழி முதன்முறையாகத் திறந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றுபோகும் வரை குடும்பங்கள் பிரிந்து சென்றவண்ணமிருந்தன. கூத்தறிந்தவரும் ஒப்பாரி அறிந்தவரும் அவர்களுள் அடங்குவர். ஒரு சமூகம் சிதறிய அதே ஆண்டுகளில், குரலைப் பிடித்துவைக்கும் மலிவான கருவி அதன் கைக்கு எட்டியது. இது வரலாற்றின் தற்செயலே ஆயினும், அதன் பயன் சிறிதன்று.

இலக்கமுறை 1982இல் இறுவட்டாக வணிகச் சந்தைக்கு வந்தபோது அது மீண்டும் கேட்பதற்கு மட்டுமான கருவியாகவே இருந்தது. பதிவு செய்யும் ஆற்றல் சாதாரண மக்களின் கைக்கு மீண்டது பிற்காலத்துக் கைத்தொலைபேசியின் வழியாகவே. இன்று ஒரு கூத்தினை இரவு முழுவதும் இடையறாது பதியலாம். நூறாவது படியும் முதற்படியும் வேறுபாடின்றி ஒத்திருக்கும். ஒப்புமைமுறை ஒருபோதும் தர இயலாத கொடை இது. ஆயினும் இலக்கமுறைக்கும் நோய் உண்டு. நாடா சிறிது சிறிதாக மங்கும். இலக்கமுறைக் கோப்பு கெடின் பெரும்பாலும் முற்றாகவே கெடும். கைப்பேசி தொலைந்தால் பதிவும் தொலையும். தொலைவிலுள்ள நிறுவனங்களின் சேமிப்பகத்தில் ஏற்றப்பட்டவை அந்நிறுவனங்களின் விருப்பிற்குட்பட்டே வாழும்.

ஆகவே நம்முன் உள்ள பணி தெளிவானது. காந்த நாடாவுக்கு ஈரம் பகை. மலைநாட்டு மழையும் மூடுபனியும் ஆண்டின் பெரும்பகுதியை ஈரத்தால் நிரப்புவன. ஒட்டுப்பசை நெகிழ்ந்து படலம் உதிர்ந்தபின் எக்கருவியாலும் அக்குரலை மீட்க முடியாது. அலுமாரித் தட்டுகளிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கும் கசெற்றுக்களைத் தேடி இலக்கமுறைக்கு மாற்றுவது பல்கலைக்கழகங்களின் உடனடிக் கடமையாகும். பாடியவர் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றை உடன் குறித்தல் வேண்டும். படியொன்று அத்தோட்டத்து மக்களிடமே இருத்தல் வேண்டும். கொழுந்து மலையை விட்டு வெளியேறியது போலக் குரலும் வெளியேறிவிடின், பழைய உறவே புதிய வடிவில் தொடர்வதாகும். எம்முறை இனிமையானது என்ற வினாவுக்குச் செல்வர் தத்தம் செவிக்கேற்ப விடை காணட்டும். உழைத்த மக்களின் குரல் நிலைக்குமா என்ற வினாவுக்கு விடை காணும் கால எல்லையை அந்த நாடாக்களின் ஆயுளே விதித்துள்ளது.