ஆடிட்டருக்கு கையெழுத்து இருக்கு, புரோகிராமருக்கு?

போன வாரம் ஹாஸ்டலில் ஒரு பெரிய விவாதம். எங்களோடு பி.காம் படிக்கும் நண்பன் ஒருவன் ஜாவா சர்டிஃபிகேஷன் தேர்வு எழுதப் போகிறானாம். கோச்சிங், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் அம்மாவின் வளையலை அடகு வைக்கச் சொல்லியிருக்கிறான். "இதுவும் சி.ஏ. மாதிரிதான்டா, பாஸ் பண்ணிட்டா வேலை கன்ஃபர்ம்" என்றான். அந்த "சி.ஏ. மாதிரி" என்ற வார்த்தைதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. சரி, இந்தத் தேர்வுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன்.

படித்தால் ஒரு ஆச்சரியம். கணினிக்காரர்களுக்கு சர்டிஃபிகேட் தேர்வை முதலில் கொண்டுவந்தவர்களில் நம்ம ஆட்களும் உண்டு! அமெரிக்காவில் கம்பெனிகளின் கணக்கை பஞ்ச் கார்டு இயந்திரங்களில் போட்டவர்களுக்கு "மெஷின் அக்கவுண்டன்ட்" என்று பெயர். அவர்களுடைய சங்கம் 1962ல் டேட்டா பிராசஸிங் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே வருடம் சி.டி.பி. என்ற தேர்வையும் தொடங்கியது. அதில் புரோகிராமிங்கோடு காஸ்ட் அக்கவுண்டிங்கும் இருந்தது!

அவர்களுக்கு முன்மாதிரி சி.பி.ஏ., அதாவது அமெரிக்காவின் சி.ஏ. ஆனால் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போனது. சி.பி.ஏ.வுக்குப் பின்னால் 1896லேயே நியூயார்க் மாநிலம் போட்ட சட்டம் இருந்தது. நம் நாட்டில் 1949ல் வந்த சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் இருக்கிறது. ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட சி.ஏ.வால்தான் முடியும். சி.டி.பி. பாஸ் செய்தவருக்கு அப்படி எந்த உரிமையும் கிடைக்கவில்லை. அது இல்லாதவரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே புரோகிராமை எழுதலாம். 1973ல் பல கணினி சங்கங்கள் சேர்ந்து இந்தத் தேர்வுக்கென ஒரு தனி அமைப்பே உருவாக்கின. அப்போதும் சட்டத்தின் பலம் வரவில்லை.

அடுத்து கம்பெனிகளே தேர்வு நடத்த ஆரம்பித்தன. மைக்ரோசாஃப்ட் 1992ல் களமிறங்கியது. இதில் சிக்கல் என்னவென்றால், சர்டிஃபிகேட்டின் ஆயுள் அந்தப் பொருளின் ஆயுள்தான். விஷுவல் பேசிக் 6க்கு எத்தனையோ பேர் பரீட்சை எழுதினார்கள். 2008ல் அதற்கான ஆதரவே முடிந்துவிட்டது. டெவலப்பர்களுக்கான எம்.சி.எஸ்.டி. பட்டத்தையும் 2021 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு கேள்விகளை மனப்பாடம் செய்து பாஸ் செய்தவர்களும் பெருகினார்கள். அவர்களுக்கு "பேப்பர் எம்.சி.எஸ்.இ." என்று கேலிப் பெயரே வந்தது.

"சட்டம் வந்தால் சரியாகிவிடுமே" என்று கேட்கலாம். அதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2013ல் மென்பொருள் பொறியாளர்களுக்கு அரசு உரிமத்துக்கான தேர்வு வந்தது. முதல் ஐந்து முறையும் சேர்த்து எழுதியவர்கள் மொத்தமே 81 பேர்! 2019 ஏப்ரலோடு அதற்கும் மூடுவிழா. உரிமம் இல்லாமலே வேலை கிடைக்கும்போது யார் எழுதுவார்கள்?

அப்படியானால் எல்லாமே வீணா? அப்படியும் சொல்லமாட்டேன். ஜப்பானில் 1969ல் அரசு தொடங்கிய தகவல் தொழில்நுட்பத் தேர்வு இன்றும் நடக்கிறது. அல்காரிதம், டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று அடிப்படையைக் கேட்கிறது, ஒரு கம்பெனியின் பொருளை அல்ல. அப்படிப்பட்ட பாடம் சீக்கிரம் பழசாகாது. இன்னொன்று, நம்மைப் போல வேறு படிப்பு படித்தவர்களுக்கு ஒரு பாடத்திட்டமும் ஒரு தேதியும் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி இல்லாதவனின் பயோடேட்டாவில் அந்த ஒரு வரி இன்டர்வியூ வரைக்கும் கதவைத் திறக்கலாம். உள்ளே போனபிறகு, எழுதிக் காட்டிய புரோகிராம்தான் பேசும்.

நண்பனிடம் இதைத்தான் சொன்னேன். சி.ஏ. ஒரு உரிமை, இது ஒரு சிபாரிசுக் கடிதம் மட்டும்தான். சிபாரிசுக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்று நீயே கணக்குப் போடு, காமர்ஸ் படிக்கிறவன்தானே! முதலில் அதே பாடத்தை லைப்ரரி புத்தகத்தை வைத்துப் படி, சின்னதாக ஒரு புரோகிராம் செய்து பார், பிறகு தேர்வுக் கட்டணம் மட்டும் கட்டு என்றேன். அவன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வளையலை இப்போதைக்கு வைக்க வேண்டாம் என்று அம்மாவுக்கு போன் செய்துவிட்டான்.