பெண்ட்ரைவில் கோப்பு இருந்தால் போதுமா? கணினியை முழுசா வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது எப்படி?

காஜாங் – 2021 டிசம்பர் 18-ஆம் தேதி கொட்டிய கனமழையில் உலு லங்காட்டிலும் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளம் மளமளவென உயர்ந்தது. பலர் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தனர். உயிர் தப்பினால் போதும் என்ற அந்த நேரத்தில், மேசை மேல் இருக்கும் மடிக்கணினி யாருக்கு ஞாபகம் வரும்?

காஜாங்கும் அதே உலு லங்காட் மாவட்டத்தில்தான் இருக்கிறது. யூனிடென், பாங்கி யூ.கே.எம்., செமினி நாட்டிங்ஹாம் எனப் பல்கலைக்கழகங்கள் சூழ்ந்த வட்டாரம் இது. வெள்ளம்தான் வரவேண்டும் என்பதில்லை. ஒரு கிளாஸ் தே தாரிக் கொட்டினாலே இறுதியாண்டு ப்ராஜெக்ட் போச்சு. அதற்கு முன் என்ன செய்து வைக்கலாம்?

கோப்புகளை பெண்ட்ரைவில் போட்டுட்டேன், போதாதா?

கோப்பு மிஞ்சும், கணினி மிஞ்சாது. கணினியின் சி டிரைவில் விண்டோஸ், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள், அவற்றின் அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன. கணினியைத் தொடக்கிவிடும் பகுதி கண்ணுக்குத் தெரியாமல் தனியாக இருக்கும். சி டிரைவை அப்படியே காப்பி பேஸ்ட் செய்தால் அந்தப் பகுதி வராது. பயன்பாட்டில் இருக்கும் கோப்புகளும் விடுபடும்.

எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் நகலுக்கு 'சிஸ்டம் இமேஜ்' என்று பெயர். டிஸ்க் பழுதானால், புது டிஸ்க் மாட்டி, இமேஜை அதில் இறக்கினால், நகலெடுத்த நாளில் இருந்தபடியே கணினி திரும்பிவிடும்.

ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பு இதற்கு மாற்று அல்ல. அது கோப்புகளை ஒத்திசைக்கிறது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில காலம்தான் இருக்கும்.

என்னென்ன வேணும்?

ஒரு வெளி டிஸ்க், ஒரு பெண்ட்ரைவ். சி டிரைவில் இதுவரை நிரம்பியுள்ள இடத்தைவிட வெளி டிஸ்க்கில் அதிக இடம் இருக்க வேண்டும். 256 ஜிபி கணினிக்கு 1 டிபி டிஸ்க் தாராளம். இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு '16 டிபி' என்று விற்கும் டிஸ்க்குகளில் போலிகள் உண்டு, கவனம்.

நேரம் எவ்வளவு ஆகும்? நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதும் டிஸ்க்கில் 120 ஜிபி நகலெடுக்கச் சுமார் 20 நிமிடம். பழைய யு.எஸ்.பி. 2 துளையில் செருகினால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

விண்டோஸில் எப்படிச் செய்வது?

1. வெளி டிஸ்க்கைச் செருகுங்கள். அது என்.டி.எஃப்.எஸ். வடிவத்தில் இருக்க வேண்டும். வடிவத்தை மாற்றினால் அதிலுள்ள அனைத்தும் அழியும்.

2. கண்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' பகுதியைத் திறங்கள். பெயர் பழசு என்றாலும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு.

3. இடப்பக்கம் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' என்பதை அழுத்தி, வெளி டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள்.

4. தேடல் பெட்டியில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடி, பெண்ட்ரைவை மீட்புக் கருவியாக்குங்கள். 32 ஜிபி இருந்தால் வசதி. பெண்ட்ரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். கணினி தொடங்காத நாளில் உள்ளே நுழைய இதுதான் சாவி.

டிஸ்க்கில் உருவாகும் இமேஜ் கோப்புறையின் பெயரை மாற்றாதீர்கள், இடமும் மாற்றாதீர்கள். மாற்றினால் மீட்புக் கருவிக்கு அது தெரியாமல் போகலாம். மீட்கும்போது, புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது.

இந்த வசதியை மைக்ரோசாப்ட் இனி மேம்படுத்தப் போவதில்லை. வேறு நிறுவனங்களின் முழு டிஸ்க் நகல் மென்பொருளைப் பயன்படுத்தினாலும் இதே விதிகள்தான்.

மேக் வைத்திருப்பவர்கள்?

'டைம் மெஷின்' போதும். கணினியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு டிஸ்க் வாங்கும்படி ஆப்பிள் பரிந்துரைக்கிறது. மீட்கும்போது மேக்ஓஎஸ்ஸைப் புதிதாக நிறுவி, 'மைக்ரேஷன் அசிஸ்டண்ட்' மூலம் மற்றவற்றை மீட்கலாம்.

கடவுச்சொல் பற்றி ஏதாவது?

பல கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருக்கும். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, கணினிக்கு வெளியே வையுங்கள். விண்டோஸ் எடுக்கும் இமேஜில் அந்தப் பூட்டு இருக்காது. டிஸ்க் கிடைத்தவர் உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்கலாம். ஆகவே, பூட்டிய அலமாரிதான் அதற்கு இடம்.

எங்கே வைப்பது?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே டிஸ்க் இருந்தால், வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்து போகும். செருகியபடியே விட்டால் வைரஸும் சேர்த்துப் பிடிக்கும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வானாக்ரை', கணினியோடு இணைந்திருந்த டிஸ்க்குகளிலிருந்த கோப்புகளையும் பூட்டியது.

எளிய கணக்கு 3-2-1: மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். அக்கா வீடு, பாட்டி வீடு, எதுவானாலும் சரி. நகல் எடுத்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

நகல் வேலை செய்யும் என்று எப்படித் தெரியும்?

சோதித்தால்தான் தெரியும். 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். வழக்கமான காப்பு ஏற்பாடுகள் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பழைய நகலால் தப்பித்தாலும், சுமார் ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது.

நீங்களும் ஒருமுறை மீட்பு பெண்ட்ரைவில் கணினியைத் தொடக்கி, 'சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி' வரை போய், உங்கள் இமேஜ் பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மீட்பைத் தொடங்காமல் ரத்து செய்துவிட்டு வெளியே வாருங்கள்.

எப்போது எடுக்கணும்?

மாதம் ஒருமுறை. அதோடு, பெரிய மாற்றம் எதற்கும் முன்னால். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறினால், பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம்தான். கையில் இமேஜ் இருந்தால் அந்தக் கெடுவைப் பற்றிக் கவலையில்லை.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். அதற்குள் ஒரு நகல் எடுத்து, வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.