துண்டுச் சீட்டும் சிஆர்ஐபி அறிக்கையும்

பலாபத்வல வழியா ஏ9 வீதியில பஸ்ஸில் போயிருப்பீங்க. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைத் தோட்டங்களுக்கு நம்ம ஆட்கள் நடந்து வந்தது இந்தப் பக்கமாகத்தான். வந்து சேரும்போதே பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கடனாகக் கங்காணியின் கணக்கில் ஏறியிருக்கும்.

வேறு தோட்டத்துக்குப் போகணும்னா 'துண்டு' வேணும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை கங்காணியிடம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய துரை அந்தக் கடனை அடைப்பார்; தொகை அப்படியே தொழிலாளர் தலையில் தொடரும். கங்காணி கேட்டு வாங்கும் கூடுதல் முற்பணமும் அதோடு சேரும். எழுத்து தெரியாத ஆள் அந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார்? 1921இல்தான் சட்டம் துண்டை ஒழித்தது.

இன்றைக்கு நம்ம கடன் வரலாறு இருப்பது, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகத்தில், அதாவது சிஆர்ஐபியில். ஒரு பெரிய வித்தியாசம்: இந்த அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் முறையிடலாம். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாக நிக்குதா என்று பாருங்க. பற்றுச்சீட்டை எறிஞ்சிடாதீங்க. நம்ம பாட்டன்மாருக்கு அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கவே வழி இருக்கல்ல.