வேலை போன பயிற்றுநர் அடுத்து எங்கே போவார்?

2009 ஜனவரியில் மலேசிய தேசியக் காற்பந்து அணி, ஆசியக் கிண்ணத் தகுதி ஆட்டத்தில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் சொந்த மண்ணில் 0-5 என்று தோற்றது. அதன் பிறகு பி. சத்தியநாதனின் தேசியப் பயிற்றுநர் பதவி முடிவுக்கு வந்தது.

மறு ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் அதே சத்தியநாதன் கிளந்தான் அணியின் பயிற்றுநராக நின்றார். நெகிரி செம்பிலானை 2-1 என்று வீழ்த்தி, கிளந்தான் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

பதவி பறிபோன பயிற்றுநரின் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடர்கிறது. ஒரு கதவு மூடும்போது இன்னொரு மாநிலமோ இன்னொரு நாடோ அழைக்கிறது. ஆனால் அந்தக் கதவுகளின் எண்ணிக்கை மலேசியாவில் இப்போது குறைந்திருக்கிறது. நம் சமுதாயத்தைச் சேர்ந்த பயிற்றுநர்களுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி.

ஒரே தோல்வி எடை போடுமா?

சத்தியநாதனுக்குப் பிறகு 2009இல் பொறுப்பேற்றவர் டத்தோ கே. ராஜகோபால். அவ்வாண்டு டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அவருடைய 23 வயதுக்குட்பட்ட அணி வியட்நாமை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. 1989க்குப் பிறகு, அதாவது 20 ஆண்டுகள் கழித்து, காற்பந்தில் மலேசியாவுக்குக் கிடைத்த சீ தங்கம் அது.

2010 டிசம்பரில் ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 என்று படுதோல்வி கண்டது. லீக் ஆட்டத்தில் அப்படித் தோற்றிருந்தால் பயிற்றுநரின் நாற்காலி ஆடியிருக்கும். போட்டி நடுவில் இருந்ததால் அணி அதே பயிற்றுநரோடு தொடர்ந்தது.

அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை மலேசியா 3-0 என்று சாய்த்தது. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தக் கோல் கணக்கில் 4-2 என்று வென்று முதன்முறையாகக் கிண்ணத்தை வாகை சூடியது. 1-5க்கும் 3-0க்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. டொல்லா சாலே 2014 டிசம்பரில் தேசிய அணியை ஏஎஃப்எஃப் இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். 2015 செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் 0-10 என்று தோற்றதும் அவர் விலகினார். இறுதியாட்டத்துக்கும் விலகலுக்கும் இடையில் ஒன்பது மாதங்கள்தான்.

முதல் கதவு: இன்னொரு மாநிலம்

உள்ளூர்ப் பயிற்றுநருக்கு மிகவும் பழக்கமான வழி இது. தேசிய அணியின் பொறுப்பு 2013இல் முடிந்த பிறகு ராஜகோபால் சரவாக் அணிக்கும், பின்னர் பிகேஎன்எஸ் அணிக்கும் பயிற்சி அளித்தார். சத்தியநாதன் கிளந்தானுக்குப் பிறகு பல ஆண்டுகள் கழித்து ஃபெல்டா யுனைடெட்டுக்குச் சென்று, 2018இல் அந்த அணியை பிரிமியர் லீக் வெற்றியாளராக்கினார். 2019இல் சிலாங்கூர் அவரை அழைத்தது. 2020 பருவம் முடியும் முன்பே அந்தப் பொறுப்பும் கைமாறியது.

நெகிரி செம்பிலானில் கே. தேவனின் கதை இன்னும் தெளிவானது. அவர் வழிநடத்திய அணி 2021இல் பிரிமியர் லீக்கை வென்று சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. மறு ஆண்டே சூப்பர் லீக்கில் நான்காம் இடத்தைப் பிடித்தது. புதிதாக உயர்ந்த அணி முதல் ஆண்டிலேயே அந்த இடத்துக்கு வருவது எளிதல்ல. இருந்தும் 2023 பருவத்தில் அணி சரிந்தபோது முந்தைய ஆண்டின் சாதனை அவரைக் காக்கவில்லை.

இரண்டாவது கதவு: எல்லைக்கு அப்பால்

போஜான் ஹோடாக் 2012இல் கிளந்தானுக்கு சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் ஆகிய மூன்றையும் பெற்றுத் தந்த குரோவேசியப் பயிற்றுநர். 2021இல் கோலாலம்பூர் சிட்டி மலேசியக் கிண்ணத்தை வென்றதும் அவர் தலைமையில்தான். 2023 ஜூலையில் அவர் இந்தோனேசியாவின் பெர்சிப் பண்டோங்கிற்குச் சென்றார். தொடர்ந்து இரண்டு பருவங்கள் அந்த அணி லீக் வெற்றியாளர் ஆனது.

உள்ளூர்ப் பயிற்றுநர்களும் எல்லை தாண்டுகிறார்கள். தேசிய அணியில் இருந்து 2022 ஜனவரியில் விலகிய டான் செங் ஹோ, தாய்லாந்தின் போலிஸ் டெரோ அணிக்குச் சென்றுவிட்டு, அதே ஆண்டு சிலாங்கூருக்குத் திரும்பினார். ஓங் கிம் சுவீ சபாவிலிருந்து 2024இல் இந்தோனேசியாவின் பெர்சிஸ் சோலோவுக்கு மாறினார்.

நம்மவர்களில் இந்தக் கதவைத் திறந்தவர் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி. ஆட்டக்காரராகக் கெடாவுக்கு விளையாடிய அவர், பயிற்றுநராக லயன்ஸ் 12 அணியை 2013இல் மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளராக்கினார். பின்னர் ஜொகூர் பாலத்தைத் தாண்டி நெகிரி செம்பிலானுக்குப் பயிற்சி அளித்தார். தாயகம் திரும்பி டெம்பனிஸ் ரோவர்ஸ் அணியைக் கவனித்த அவருக்கு 2016 மே மாதம் சிங்கப்பூர் தேசிய அணி கிடைத்தது. 2018 ஏப்ரலில் அந்தப் பொறுப்பு முடிவுக்கு வந்தது.

தேசிய அணியில் நல்ல பெயர் எடுத்தவருக்கு இந்தக் கதவு அகலமாகத் திறக்கிறது. 43 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவைத் தகுதி ஆட்டங்கள் வழியாக ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றவர் கிம் பான் கோன். 2024 ஜனவரியில் அந்தப் போட்டியில் தென்கொரியாவுடன் 3-3 என்று சமநிலை கண்ட ஆட்டத்தை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் அவர் விலகி, தென்கொரியாவின் உல்சான் எச்டி அணியில் சேர்ந்தார். உல்சான் அந்தப் பருவத்தின் லீக் கிண்ணத்தை வென்றது. 2025 ஆகஸ்டில் அவர் அங்கிருந்தும் வெளியேற நேர்ந்தது.

மூன்றாவது கதவு: இளையோர் அணி

வெளிச்சம் குறைந்த வேலை இது. ஆனால் மேலே போவதற்கும் கீழே விழுந்தவர் மீண்டும் எழுவதற்கும் இதுவே படிக்கட்டு. ஓங் கிம் சுவீயின் 23 வயதுக்குட்பட்ட அணி 2011 சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. பின்னர் தேசிய அணி அவரிடம் வந்தது. ஹோடாக்கும் கோலாலம்பூருக்கு வரும் முன் மலேசிய 19 வயதுக்குட்பட்ட அணிக்கு 2018இல் தென்கிழக்காசியக் கிண்ணம் பெற்றுத் தந்தவர்.

ராஜகோபாலின் வெற்றிக்கும் இதுவே அடித்தளம். 2009இல் தங்கம் வென்ற இளைஞர்கள் பலர்தான் 2010இல் சுசுகி கிண்ணத்தை ஏந்திய அணியிலும் இருந்தார்கள்.

காணாமல் போன படி

மேலே சொன்ன சாதனைகளில் இரண்டு, பிரிமியர் லீக் என்ற இரண்டாம் நிலை லீக்கில் நடந்தவை. சத்தியநாதன் 2018இல் ஃபெல்டாவுடன் வென்றதும், தேவன் 2021இல் நெகிரி செம்பிலானுடன் வென்றதும் அங்கேதான். ஒருவர் அங்கிருந்து சிலாங்கூருக்குப் போனார். இன்னொருவர் தம் அணியோடு மேலே ஏறினார்.

அந்த லீக் இப்போது இல்லை. 2022தான் அதன் கடைசிப் பருவம். 2023 முதல் தொழில்முறை லீக் என்றால் சூப்பர் லீக் மட்டுமே. அவ்வாண்டு அதில் 14 அணிகள் இருந்தன, 2024-25 பருவத்தில் 13. நிதிச் சிக்கலால் உரிமம் கிடைக்காமல் போன அணிகளும் உண்டு. மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்துக்கு அப்படித்தான் வெளியேறின. ஓர் அணி மறைந்தால் தலைமைப் பயிற்றுநரோடு துணைப் பயிற்றுநர், கோல்காவலர் பயிற்றுநர், உடற்தகுதிப் பயிற்றுநர் என எல்லாருக்கும் வேலை போகிறது.

மிஞ்சியிருக்கும் இடங்களுக்கு வெளிநாட்டுப் பயிற்றுநர்களும் போட்டியிடுகிறார்கள். தேசிய அணியை 2025 ஜனவரி முதல் வழிநடத்த வந்த பீட்டர் கிளமோவ்ஸ்கி ஆஸ்திரேலியர். அதற்கு முன் ஜப்பானின் எஃப்சி தோக்கியோவில் இருந்தவர். ராஜகோபால் 2013இல் விலகிய பிறகு இந்திய வம்சாவளிப் பயிற்றுநர் எவரும் தேசிய அணியின் நிரந்தரத் தலைமைப் பொறுப்புக்கு வரவில்லை.

உரிமம் இல்லாமல் வாசல் இல்லை

பழைய நாள்களில் நல்ல ஆட்டக்காரர் என்ற பெயரே பயிற்றுநராகப் போதுமானதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. மலேசியக் காற்பந்து சங்கம் நடத்தும் டி உரிமத்தில் தொடங்கி, ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் சி, பி, ஏ உரிமங்களைக் கடந்து, ப்ரோ உரிமம் வரை ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையில் களத்தில் பயிற்சி அளித்த அனுபவமும் கேட்கப்படுகிறது. சூப்பர் லீக் அணியின் தலைமைப் பொறுப்புக்கு ப்ரோ உரிமமே அளவுகோல்.

இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். 35 வயதில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டி உரிமத்தில் தொடங்குபவர் மேலே வரும்போது 45ஐத் தாண்டிவிடுவார். அதனால் விளையாடும்போதே முதல் இரண்டு உரிமங்களைப் பெற்றுக்கொள்வது நல்லது. தமிழ்ப்பள்ளித் திடலிலும் தோட்டத்துக் குழுவிலும் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் இளைஞர்கள், அந்த உழைப்பை உரிமத்துக்கான அனுபவமாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

சத்தியநாதன், ராஜகோபால், தேவன் ஆகியோர் தோல்விக்குப் பிறகும் மீண்டும் அழைக்கப்பட்டதற்கு அவர்களிடம் உரிமமும் சாதனைப் பட்டியலும் இருந்தன. அவர்கள் ஏறிய இரண்டாம் நிலைப் படி இப்போது இல்லாத நிலையில், அடுத்த தலைமுறைக்கு இளையோர் அணியும் உரிமமுமே மிஞ்சியிருக்கும் வழி. அடுத்த முறை ஒரு மாநில அணி பயிற்றுநரைத் தேடும்போது பட்டியலில் நம் பெயர் இருக்குமா என்பது, இன்று எத்தனை இளைஞர்கள் டி உரிம வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.