கிராங்க் வேலையின் கதை

மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்தில் பிரிந்து, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லம் செல்லும் பெருஞ்சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த புளியங்குடியை வெளியூரார் பெரும்பாலும் எலுமிச்சைக்காகவே அறிவர். நெசவும் இவ்வூரின் பூர்விக ஜீவனங்களில் ஒன்று என்பது சற்று நெருங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும். ஆயினும் புளியங்குடி, சங்கரன்கோவில், கடையநல்லூர் முதலான ஊர்களின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் கோயிலையும் ஜமீனையும் விவரித்துவிட்டு, சாலையோரத்து லேத் பட்டறையைக் கண்ணெடுத்தும் பாராமல் கடந்துபோவது வழக்கமாயிருக்கிறது. அப்பட்டறைகளில் நடந்த வேலைகளுள் மிகவும் சூட்சுமமானது, மோட்டார் சைக்கிளின் கிராங்கைப் பிரித்து, தேய்ந்துபோன கனெக்டிங் ராடை நீக்கி, புதியதைப் பூட்டி, மறுபடியும் நேராக்கித் தருகிற வேலையாகும்.

மேலும் கீழுமாக நடக்கும் அசைவைச் சுழற்சியாக மாற்றுவதே கிராங்கின் காரியம். தையற்காரர் காலால் மிதிக்கும் பலகையிலிருந்து ஒரு தண்டு எழுந்து பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறதல்லவா, அத்தண்டே கனெக்டிங் ராடு. அது சக்கரத்தைப் பற்றியிருக்கும் முளையே கிராங்க் பின். இந்த உபாயம் மிகப் புராதனமானது. ஆசியா மைனரின் ஹியராபொலிஸ் நகரில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில், நீர்ச்சக்கரத்தால் கல் அறுக்கும் ஆலையொன்று இதே அமைப்புடன் செதுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு பழைய விஷயத்துக்கு 1780-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் காப்புரிமை பெற்றுக்கொள்ள, நீராவி யந்திரத்தின் மேதையான ஜேம்ஸ் வாட் கிராங்கைத் தொடாமலே சுழற்சியை உண்டாக்க வேண்டி, பல்சக்கரங்களைக் கொண்டு வேறொரு வழியைத் தேட நேர்ந்தது என்பது வேடிக்கையான செய்தி.

நம் நாட்டுப்புறங்களுக்குக் கிராங்கை முதலில் கொண்டுவந்தது மோட்டார் சைக்கிள் அன்று. கமலை ஓய்ந்து, கிணற்று மேட்டில் ஆயில் இஞ்சின் ஏறிய காலத்திலேயே, தேய்ந்த புஷ்ஷைக் கடைந்து தரவும், உருகிய வெள்ளை உலோகத்தை வார்த்து பேரிங் அமைக்கவும் வல்ல கைகள் ஆங்காங்கே தோன்றிவிட்டன. பஸ்ஸும் லாரியும் அக்கைகளுக்கு மேலும் வேலை கொடுத்தன. திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய ஸ்தாபனம் தென்னாட்டு மோட்டார் போக்குவரத்துக்கே ஓர் அஸ்திவாரமாக அமைந்தது. கோயம்புத்தூர்ப் பக்கமோ, கலங்கல் கிராமத்து ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலைபார்த்துச் சேர்த்த பணத்தில் 300 ரூபாய் கொடுத்து அதை வாங்கி, வாங்கிய வண்டியை அக்கக்காகப் பிரித்துப் பூட்டிப் பார்த்தார். பிறகுதான், 1920-இல், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிரித்துப் பார்ப்பதே படிப்பு என்னும் அந்த மரபு, பின்னாளில் சிறு ஊர்ப் பட்டறைகளின் பாடத்திட்டமாகவே ஆகிவிட்டது.

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றி, திருவொற்றியூரிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. 1961-இல் மைசூரில் செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவாவும், அதே பத்தாண்டில் வடக்கே போலந்து மாதிரியை ஒட்டி ராஜ்தூத்தும் உருவாயின. ஜாவா 1973 முதல் யெஸ்டி என்று பெயர் மாறிற்று. லைசென்ஸும் பெர்மிட்டும் ஆட்சி செய்த அக்காலத்தில் ஒரு வண்டி கிடைப்பதே பாக்கியம். கிடைத்த வண்டியை மகன் காலம்வரை ஓட்டியாக வேண்டும். ஆகவே பழுதுபார்த்தல் என்பது சிக்கனத்தால் மட்டும் வந்ததன்று, வேறு கதியில்லாமையாலும் வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தொழிலின் ரகசியமே இதில்தான் இருக்கிறது. காரிலும் லாரியிலும் கிராங்க் ஒரே துண்டாக அடித்து உருவாக்கப்பட்டது. ராடின் பெரிய முனை இரண்டாகப் பிளந்து போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். தேய்மானம் கண்டால் கிராங்கைப் பெரிய யந்திரத்தில் சாணை பிடித்து, அளவு குறைந்த பேரிங்கைப் போடுவார்கள். அதற்குப் பெருநகரம் போக வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளிலோ ராடின் பெரிய முனை பிளவில்லாத முழு வளையம். அதனுள்ளே உருளைகள் ஓடுகின்றன. அந்த வளையத்தைப் பின்னில் கோக்க வேண்டுமானால் கிராங்க்தான் பிரிந்து கொடுக்க வேண்டும். எனவே பிளைவீல் என்னும் கனத்த சக்கரங்கள் இரண்டையும் நடுவே ஒரு பின்னையும் தனித்தனியே செய்து, ஜாவாவிலும் ராஜ்தூத்திலும் இறுக்கமாக அழுத்திச் சேர்த்தார்கள். புல்லட்டில் நட்டு கொண்டு முடுக்கினார்கள். புல்லட்டின் பழைய இஞ்சினில் உருளைகளுக்குப் பதிலாக மிதக்கும் புஷ் ஒன்று இருந்தது. எங்கோ தொழிற்சாலையில் வசதிக்காகச் செய்த இந்த அமைப்பு, ஒரு லேத்தும் ஒரு பிரஸ்ஸும் உள்ள எந்தச் சிற்றூரிலும் கிராங்கைப் புதுப்பிக்கலாம் என்ற உரிமையைத் தந்துவிட்டது.

பிரிப்பதும் அழுத்துவதும் பலசாலிக்கு எளிது. பூட்டிய பின் நேர்பார்ப்பதே வித்தை. இதை மெக்கானிக்குகள் ட்ரூ பார்ப்பது என்பர். கிராங்கை லேத்தின் இரு முனைகளுக்கிடையே நிறுத்தி, அச்சின்மேல் டயல் கேஜின் நுனியை வைத்து, மெல்லக் கையால் சுழற்றினால், முள் ஆடுகிற ஆட்டத்திலிருந்து எந்தச் சக்கரம் எப்பக்கம் விலகியிருக்கிறது என்பது விளங்கும், விலகிய இடத்தைச் செம்புச் சுத்தியலால் அளந்து ஓர் அடி, மீண்டும் சுழற்றல், மீண்டும் அடி. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் மூன்று நான்கு பங்குக்குள் முள் அடங்கும்வரை ஓயக்கூடாது. ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்கலாம். 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-இன் பிஸ்டன் 50 மில்லிமீட்டர் தூரமே ஏறி இறங்குகிறது. ஆனால் நிமிஷத்துக்கு 6000 சுற்று என்னும் வேகத்தில் அது விநாடிக்கு 200 தடவை நின்று திரும்புகிறது, சராசரியாக விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. அப்போது மயிரிழைக் கோணலும் பேரிங்கைத் தின்றுவிடும். இரு ஸ்ட்ரோக் வண்டியானால் ஆயில் சீல் கசிந்து காற்றை இழுத்து, பிஸ்டனையே சுட்டுவிடும்.

கிராங்குகள் எதனால் கெட்டன என்பதிலும் நம் சமூகத்தின் கதை இருக்கிறது. பழைய இரு ஸ்ட்ரோக் இஞ்சினில் பெரிய முனைக்கு எண்ணெய் தனியே கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயிலே அதற்கு ஆகாரம். ஆயிலைக் குறைத்து ஊற்றிய லோபமும், பெட்ரோலோடு மண்ணெண்ணெயைக் கலந்த சாமர்த்தியமும் பட்டறைக்காரரைப் பல காலம் வாழவைத்தன. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபின், இருவருக்கென்று செய்த அந்தச் சிறு வண்டியில் மூட்டைகளை அடுக்குவது தமிழ்நாடெங்கும் வழக்கமாயிற்று. தாங்காத பாரத்தை இழுத்துத் திணறும் இஞ்சினில் அடி முழுவதும் விழுவது ராடின் மேல்தான். 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 என்னும் நான்கு ஸ்ட்ரோக் வண்டி ஆயிலைத் தன் வயிற்றிலேயே வைத்துக்கொண்டதால் ஆயுள் நீண்டது. ஆயினும் ஆயிலை மாற்றாமல் ஓட்டுகிறவர்களை எந்த யந்திர சாஸ்திரமும் காப்பாற்றியதில்லை.

இன்று ராடு, பின், உருளைகள், வாஷர் அடங்கிய கிட் வாங்கிக் கோப்பதைவிட, முழுக் கிராங்கையே பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிவிடுவதைப் பலர் விரும்புகிறார்கள். நேரம் மிச்சம் என்பது மெய்தான்; புது வண்டிகளுக்கு அதுவே பொருத்தம் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் உற்பத்தி நின்றுபோன பழைய யெஸ்டிக்கும் ஆர்.எக்ஸுக்கும், பிளைவீல்கள் பழுதற்றிருக்கும் வரையில், நல்ல ராடு போட்டு நேர்பார்த்த பழைய கிராங்க், பெயர் தெரியாத போலிச் சரக்கைவிடப் பன்மடங்கு மேலானது என்பதே என் அபிப்பிராயம்.

புளியங்குடியிலோ வேறெங்கோ, இஞ்சினுள்ளே டொக்டொக்கென்று ஓசை கேட்டு, கிராங்க் வேலை என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், வாசகர் உடனே தலையசைத்துவிட வேண்டாம். சிலிண்டரைக் கழற்றியதும் ராடைத் தம் கையாலேயே பிடித்துப் பார்க்கட்டும்: பக்கவாட்டில் சிறிது அசைய வேண்டும், மேலும் கீழுமாக இழுத்தால் அசையவே கூடாது. அசைந்தால் வேலை நியாயமானதே. பிறகு பட்டறையில் டயல் கேஜ் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். இல்லையென்றால் கிராங்கை அங்கே கொடுக்க வேண்டாம்.