மிளகாயும் பிள்ளை பெற்றவளும்



போன வாரம் தேரடி வீதியில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். தோளில் இரண்டு மாதக் குழந்தை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். "என்னம்மா சாப்பிடுற?" என்று கேட்டேன்.

"மிளகு ரசமும் சோறும்தான் டீச்சர். காரம் சாப்பிட்டா பால் வழியா குழந்தைக்கு வயிறு எரியுமாம். குழம்பு, பொரியல் எதுவும் கிடையாது."

மிளகும் காரம்தானே! வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. அதனால் இந்தப் பதிவு.

மிளகாய் நம் ஊர்ச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தது. 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்ச்சுகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தோம்.

அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். சங்க காலத்தில் அதன் பெயர் 'கறி'. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கே அந்தப் பெயர், வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? பிரசவ லேகியத்தில் இன்றும் அந்த மூன்றும் உண்டு. ஆக, நம் பத்தியம் காரத்தை ஒதுக்கவே இல்லை. பின்னால் வந்த மிளகாய்க்குத்தான் அதில் இடம் கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 1991இல் அமெரிக்காவில் மெனெல்லா, போஷாம்ப் இருவரும் தாய்மார்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாலில் பூண்டு வாசனை ஏறியது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, கூடுதல் நேரம் மார்பில் இருந்தார்கள். 2021இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில், மிளகின் காரப்பொருள் ஒரு மணி நேரத்திலேயே தாய்ப்பாலில் தெரிந்தது. ஆனால் பெரியவர்கள் நாக்குக்கே உறைக்காத அளவு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் மகள் பிரசவத்துக்கு வந்தபோது நானும் இதையே செய்தேன். பசிக்கிறது என்று அவள் கேட்டும், பத்தியம் என்று தட்டைக் குறைத்தேன். முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவளுக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அது தெரியாத டீச்சராக அன்று நான் இருந்தேன்.

எனவே, வீட்டில் எல்லோரும் சாப்பிடும் குழம்பு, காய், கீரையை அவளுக்கும் போடுங்கள். ஏதாவது ஒன்று சாப்பிட்ட பிறகு குழந்தை ஒவ்வொரு முறையும் சிணுங்கினால், அதை மட்டும் சில நாள் நிறுத்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள்.